1661: கர்தினால் சேர்த்த சொத்தும் மந்திரி கட்டிய கடனும்

கேள்வி இதுதான்: “பிரெஞ்சு வரலாற்றில் 1661-ஐத் திருப்புமுனை என்கிறார்கள். அந்த வருடம் பெரிய போரும் இல்லை, புரட்சியும் இல்லை. அப்படி என்னதான் நடந்தது? ராஜாவையே மிஞ்சும் அளவுக்கு விருந்து வைத்ததால் ஒரு மந்திரி சிறைக்குப் போனார் என்பது நிஜமா?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிஜமில்லை. விருந்து நடந்தது ஆகஸ்ட் 17. நிதி மந்திரி ஃபூக்கேயைப் பிடித்து உள்ளே போடுவதென்று ராஜா பதினான்காம் லூயி முடிவு செய்தது அதற்கு மூன்று மாதம் முன்பே. இது யாருடைய ஊகமும் இல்லை, கைது நடந்த அன்று ராஜாவே தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் “நாலு மாதமாக என் மனதில் இருந்த திட்டம்” என்கிறார். விருந்து சுவையான கதை என்பதால் அது நின்றுவிட்டது. காரணம் வேறு, அதைச் சொல்ல ஒரு சாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சை ஆண்டது பெயருக்கு 22 வயது பதினான்காம் லூயி. உண்மையில் ஆண்டவர் கர்தினால் மஸாரின். இத்தாலியில் பிறந்தவர், கர்தினால் பட்டம் உண்டே தவிர பூசை வைக்கும் பாதிரியாராக அபிஷேகம் பெற்றதே இல்லை. லூயியின் அப்பா இறந்தபோது பையனுக்கு ஐந்து வயது நிறையவில்லை. அன்றிலிருந்து விதவை ராணி ஆன்னும் மஸாரினும்தான் எல்லாம். 1648 முதல் 1653 வரை பிரபுக்களும் பாரிஸ் நீதிமன்றமும் கிளப்பிய ஃப்ரோந்த் கலகத்தில் இரண்டு முறை நாட்டைவிட்டே ஓடி, இரண்டு முறையும் திரும்பி வந்தவர் இவர். 1659-ல் ஸ்பெயினோடு சமாதானம், 1660-ல் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவோடு லூயிக்குக் கல்யாணம், இரண்டுமே அவர் கைவேலை.

1661 பிப்ரவரி 6-ஆம் தேதி லூவ்ர் அரண்மனையில் தீ. ஒரு பாலே நாட்டியத்துக்கு அலங்கார வேலை நடந்துகொண்டிருந்த கூடத்தில் பற்றிக்கொண்டது. ஏற்கெனவே நோயாளியாக அங்கே தங்கியிருந்த மஸாரினை அவசரமாக வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் தேறவில்லை. (எரிந்த இடத்தில் கட்டியதுதான் இன்று லூவ்ரில் இருக்கும் அப்போலோ கூடம்.) வைத்தியர்கள் நாள் குறித்துவிட்ட பிறகு, கர்தினால் தன் மாளிகையின் ஓவியக் கூடத்தில் தட்டுத்தடுமாறி நடந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று “இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டுமே” என்று புலம்பினாராம். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டதாக எழுதி வைத்திருப்பவர் பிரியென் என்ற இளம் செயலர். பிரியென் கொஞ்சம் மசாலா சேர்த்துச் சொல்லக்கூடிய ஆள்தான், ஆனால் இந்த இடத்தில் அவரை நம்பலாம் என்றே எனக்குப் படுகிறது. விட்டுப்போக அத்தனை இருந்தது.

எவ்வளவு? பிற்கால ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் சுமார் 3.5 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). பாரிஸில் ஒரு கூலியாளுக்கு நாளுக்கு ஒரு லிவ்ர்கூடக் கிடைக்காத காலம் அது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய முடியாட்சி முழுவதிலும் ஒரு தனிமனிதர் சேர்த்த மிகப் பெரிய சொத்து என்று இதைச் சொல்கிறார்கள். இதில் பெரும்பகுதி கலகம் அடங்கிய பிறகு, எட்டே ஆண்டுகளில் சேர்ந்தது. மடங்களின் வருமானம், ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை, ராஜாவுக்கே வட்டிக்குக் கடன், எல்லாவற்றிலும் கை. பல இடங்களில் பினாமி பெயர்கள். இந்தக் கணக்கையெல்லாம் எழுதி, பணத்தைப் பெருக்கி, பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருந்த கணக்குப்பிள்ளையின் பெயர் ழான்-பத்திஸ்த் கோல்பேர். ரான்ஸ் நகரத்து வியாபாரக் குடும்பம், 41 வயது, சிரிக்கத் தெரியாதவர் என்று பேர். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவதற்கு ஒரு வாரம் முன்னால் கர்தினால் ஒரு காரியம் செய்தார். சொத்து முழுவதையும் ராஜாவுக்கே எழுதிவைத்தார். லூயி சில நாள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான், எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ராஜாவே மறுத்த சொத்தை இனி எவன் தோண்டிப் பார்ப்பான்? சொத்துப் பட்டியல் எடுக்கக் கூடாது என்றும் உயிலில் சேர்த்துவைத்தார். 18 பெரிய வைரங்கள் அரச குடும்பத்துக்கு, 20 லட்சம் லிவ்ர் ஒரு கல்லூரி கட்ட. இன்று பிரெஞ்சு அகாதெமி கூடுகிற குவிமாடக் கட்டடம் அந்தக் காசில் எழும்பியதுதான். மீதியின் பெரும்பகுதி சகோதரி மகள் ஒர்தான்சுக்கும், அவளை மார்ச் 1-ஆம் தேதி அவசரக் கல்யாணம் செய்துகொண்ட மாப்பிள்ளைக்கும். அந்த மாப்பிள்ளை பிறகு பக்தி முற்றிப்போய், கர்தினால் ஆசையாகச் சேர்த்த நிர்வாணச் சிலைகளைச் சுத்தியலால் உடைத்தார் என்பது தனிக் கதை.

மார்ச் 9-ஆம் தேதி விடிவதற்கு முன், வேன்சேன் கோட்டையில் மஸாரின் இறந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு லூயி மந்திரிகளையும் செயலர்களையும் கூப்பிட்டார். தலைமை நீதிமந்திரி சேகியேயைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம்: இதுவரை என் காரியங்களைக் காலஞ்சென்ற கர்தினால் பார்த்துக்கொள்ள விட்டிருந்தேன், இனி நானே பார்த்துக்கொள்வேன், நான் கேட்கும்போது நீங்கள் ஆலோசனை சொன்னால் போதும், என் உத்தரவு இல்லாமல் எதிலும் கையெழுத்தோ முத்திரையோ விழக் கூடாது. அடுத்து, பாதிரியார் சபையின் தலைவர் வந்து, இனி யாரிடம் விஷயங்களைக் கொண்டுவருவது என்று கேட்டார். “என்னிடம்” என்றார் ராஜா.

அரண்மனையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையனுக்கு வேட்டையும் நாட்டியமும் பெண்களும் போதும், இரண்டு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்தார்கள். பெற்ற தாயே சிரித்ததாகச் சொல்வார்கள். 1661 திருப்புமுனை என்பதற்கு என் பதில் அந்தக் காலைக் கூட்டம்தான். அதற்குப் பிறகு 54 ஆண்டு, 1715-ல் சாகிறவரை, லூயி முதலமைச்சர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளவே இல்லை. உள்வட்ட ஆலோசனைக் குழுவிலிருந்து அம்மாவையும் தம்பியையும் பெரிய பிரபுக்களையும் கழற்றிவிட்டு மூன்றே பேரை வைத்துக்கொண்டார்: ராணுவத்துக்கு லெ தெல்லியே, வெளியுறவுக்கு லியோன், நிதிக்கு நிக்கொலா ஃபூக்கே.

முதலமைச்சர் நாற்காலி காலியாக இருக்கிறது, அது தனக்குத்தான் என்று ஃபூக்கே நம்பினார். நம்பியதில் தப்பும் இல்லை. வயது 46, நல்ல பேச்சு, நல்ல ரசனை. 1653-லிருந்து கஜானா பொறுப்பு. அந்தக் கஜானா எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். போர்க்காலத்தில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க யாரும் தயாராக இல்லை. ராஜாவின் கையெழுத்தை நம்பாதவர்கள் ஃபூக்கேயின் கையெழுத்தை நம்பினார்கள். ஆகவே அவர் தன் பெயரில், தன் மனைவி சொத்தை அடகு வைத்துக்கூட, கடன் வாங்கி ராணுவத்துக்கும் மஸாரினுக்கும் கொடுத்தார். பிறகு வரிப்பணத்திலிருந்து எடுத்துக்கொண்டார். எது அரசாங்கப் பணம், எது சொந்தப் பணம் என்று அவராலேயே பிரித்திருக்க முடியுமா என்பது சந்தேகம். வீழ்ந்த பிறகு எடுத்த கணக்கில் அவருடைய சொத்தும் கடனும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மாளிகையும் தோட்டமும் வைத்திருந்த மனிதர் நிகரத்தில் பூஜ்யம். கர்தினாலோ கோடிகளை ரொக்கமும் நகையுமாக விட்டுப் போனார்.

இப்போது கோல்பேர் உள்ளே வருகிறார். கர்தினால் போனதும் ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர், ஃபூக்கே சமர்ப்பிக்கும் கணக்குகளை இரவில் ராஜாவோடு உட்கார்ந்து பிரித்துக் காட்ட ஆரம்பித்தார். இந்த இடத்தில் செலவு கூட்டியிருக்கிறது, இந்த இடத்தில் வரவு குறைத்திருக்கிறது என்று. அவர் சொன்னதில் உண்மை நிறைய இருந்தது. ஆனால் இன்னொன்றும் உண்மை: அந்த ஆண்டுகளின் கொள்ளையை யாராவது ஒழுங்காக விசாரித்தால், முதலில் அகப்படுவது மஸாரினின் கணக்கு, அடுத்து அதை எழுதிய கணக்குப்பிள்ளை. எல்லாப் பழியும் ஒரே ஆள் தலையில் விழுந்தால் மற்றவர்களுக்கு நல்லது. இதுதான் நான் நினைக்கும் காரணம். கூடவே லூயிக்கும் ஒரு கணக்கு இருந்தது. கடன்காரர்களும், பிரபுக்களும், கவிஞர்களும், பிரெத்தான் கடலோரத்தில் பெல்-ஈல் என்ற கோட்டைத் தீவும் சொந்தமாக வைத்திருக்கிற ஒரு மந்திரி பக்கத்தில் இருந்தால், “நானே ஆள்வேன்” என்பது வெறும் வாய்ப்பேச்சு.

ஒரு சிக்கல் இருந்தது. ஃபூக்கே பாரிஸ் நீதிமன்றத்தின் தலைமை அரசு வழக்கறிஞரும்கூட. அந்தப் பதவி இருக்கும்வரை சக நீதிபதிகள்தான் அவரை விசாரிக்க முடியும், அவர்கள் விட்டுவிடுவார்கள். அன்று பதவிகள் விற்று வாங்கும் சரக்கு. கோடைகாலத்தில், விற்றுவிடலாமே என்று நயமாகத் தூண்டினார்கள். அவரும் 14 லட்சம் லிவ்ருக்கு விற்று, அதில் 10 லட்சத்தை ராஜாவுக்கே கொடுத்தார். தன் கவசத்தைக் கழற்றி, எதிரியிடம் பணமும் கொடுத்த ஆள் வரலாற்றில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் அந்த விருந்து. பாரிஸுக்குத் தென்கிழக்கே வோ-லெ-விகோம்த் மாளிகை. கட்டடம் லூயி லெ வோ, உள் அலங்காரம் ஷார்ல் லெ ப்ரன், தோட்டம் ஆந்த்ரே லெ நோத்ர். மூன்று பேரும் முதல் முறையாகச் சேர்ந்து செய்த பெரிய வேலை. ஆகஸ்ட் 17 மாலை ராஜா ஃபோந்தேன்ப்ளோவிலிருந்து பரிவாரத்தோடு வந்தார். வெயில் தாழ்ந்ததும் நீரூற்றுகளைச் சுற்றிப் பார்த்தார்கள், பிறகு சாப்பாடு. மேற்பார்வை வத்தெல், பத்து வருடம் கழித்து இன்னொரு அரச விருந்தில் மீன் வந்து சேரவில்லை என்று தற்கொலை செய்துகொண்டாரே, அவரேதான். தோட்டத்தில் மேடை போட்டு மொலியேரின் புது நாடகம், “தொல்லைக்காரர்கள்”. எழுதி, ஒத்திகை பார்த்து, மேடையேற்ற மொத்தமே 15 நாள்தான் என்று மொலியேர் முன்னுரையில் சொல்கிறார். காட்சிக்குக் காட்சி ஒரு அறுவை ஆள் வந்து கதாநாயகனைக் காதலியிடம் போகவிடாமல் பிடித்துக்கொள்வான். ஆட்டம் முடிந்ததும் ராஜா, வேட்டைப் பைத்தியமான தன் பிரபு ஒருவரைச் சுட்டி, இந்த மாதிரி ஆளை விட்டுவிட்டீரே என்றாராம். ஒரு வாரத்தில் ஃபோந்தேன்ப்ளோவில் மறுபடி நடந்தபோது வேட்டைக்காரன் பாத்திரம் சேர்ந்திருந்தது. அப்புறம் வாணவேடிக்கை. ஃபூக்கேயின் ஆதரவில் இருந்த கவிஞர் லா ஃபோந்தேன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, கடைசியில் சத்தத்துக்கு மிரண்ட இரண்டு வண்டிக் குதிரைகள் அகழியில் விழுந்து செத்ததையும் எழுதுகிறார்.

ராஜாவுக்குப் பொறாமை வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால் ராஜாவை வரவேற்பது மந்திரியின் கடமை, அன்று எல்லாரும் அப்படித்தான் வரவேற்றார்கள். மஸாரினும் செலவழித்தவர்தான். விருந்து ராஜாவின் முடிவை உண்டாக்கவில்லை, கொஞ்சம் இனிமையாக்கியிருக்கலாம்.

கைதுக்கு நாந்த் நகரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரெத்தான் பிரதேச சபை கூடுகிறது என்று சாக்கு. பெல்-ஈலும் பக்கம், கையோடு அதையும் பிடித்துவிடலாம். ஃபூக்கே காய்ச்சலோடு லுவார் நதியில் படகில் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 5, லூயிக்கு அன்று 23-ஆவது பிறந்தநாள். வேட்டைக்குப் போகிறோம் என்று சொல்லி ராஜாவின் காவல்படையான மஸ்கெத்தேர் வீரர்களைக் குதிரையேற்றி வைத்திருந்தார்கள். மிச்சத்தை அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் ராஜாவே சொல்கிறார். காலையில் ஃபூக்கே வழக்கம்போல் வேலைக்கு வந்தார். ஏதேதோ பேசிக்கொண்டே, காகிதம் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன், முற்றத்தில் தார்த்தன்யான் வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்த பிறகுதான் அவரைப் போகவிட்டேன் என்கிறார். ஆமாம், அந்த தார்த்தன்யான்தான், மூன்று மஸ்கெத்தேர்கள் கதையில் வருகிறவரின் நிஜ மனிதர். அவரோ அந்த நேரம் பார்த்து லெ தெல்லியேயுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் ஃபூக்கே படியிறங்கிக் கூட்டத்தில் மறைந்துவிட்டார். யாரோ துப்புக் கொடுத்துத் தப்பவிட்டார்கள் என்று பயந்து ராஜாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, ஓடிப்போய்ப் பெரிய கோவில் சதுக்கத்தில் நாற்காலிப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தவரைப் பிடித்தார் தார்த்தன்யான். நடுப்பகல். எதிர்ப்பு எதுவும் இல்லை.

பத்து நாளைக்குள் ஃபூக்கே வகித்த நிதிக் கண்காணிப்பாளர் பதவியே ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதில் ராஜா தலைமையில் நிதிக் குழு, அதில் வேலை செய்யும் கை கோல்பேர். நவம்பரில் நிதிக் குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம். ஃபூக்கே வழக்கு மூன்று வருடம் இழுத்தது. கோல்பேரின் ஆட்கள் காகிதங்களில் கைவைத்திருந்தது வெளியே வந்தது, வழக்கை எடுத்துரைத்த நீதிபதி தொர்மெசோன் மிரட்டலுக்கு மசியவில்லை. 1664 டிசம்பரில் 13 பேர் நாடுகடத்தச் சொன்னார்கள், 9 பேர் மரண தண்டனை கேட்டார்கள். ராஜா தன் அதிகாரத்தால் நாடுகடத்தலை ஆயுள் சிறையாக மாற்றினார். தண்டனையைக் குறைக்க வேண்டிய அதிகாரத்தைக் கூட்டுவதற்குப் பயன்படுத்தியது அப்போதே பலருக்கு உறுத்தியது. ஆல்ப்ஸ் மலையோரப் பிஞெரோல் கோட்டையில் 1680-ல் ஃபூக்கே இறந்தார். அங்கே அவருக்குப் பணிவிடை செய்த கைதிகளில் ஒருவன்தான் பின்னாளில் “இரும்பு முகமூடி மனிதன்” என்று பேசப்பட்டவன்.

லெ வோ, லெ ப்ரன், லெ நோத்ர் மூவரும் ராஜாவின் வெர்சாய் அரண்மனை வேலைக்குப் போனார்கள். வோ-லெ-விகோம்த் மாளிகையிலிருந்து ஆரஞ்சு மரங்களும் போயின. கோல்பேர் 1664-ல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார், அந்தக் கம்பெனியின் ஆள் பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் வந்து நிலைகொண்ட ஊர் நம் புதுச்சேரி.

சரி, அந்த வருடம் இது மட்டும்தானா என்றால் இல்லை. ராஜாவின் தம்பிக்கும் இங்கிலாந்து இளவரசி ஆன்ரியத்துக்கும் மார்ச் 31-ல் கல்யாணம். கோடையில் ராஜா தம்பி மனைவியோடு சுற்றுவது பேச்சாக, அதை மறைக்க அவளுடைய தோழி லூயிஸ் த லா வலியேரைக் காதலிப்பதுபோல் நடித்து, நிஜமாகவே காதலில் விழுந்தார். நடனத்துக்கு ஒரு அரச அகாதெமி, 13 ஆசிரியர்களோடு, தொடங்கியது. இத்தாலியரான லுலி மே மாதம் அரண்மனை இசைக்குத் தலைவரானார், டிசம்பரில் பிரெஞ்சுக் குடிமகனுமானார்.

இந்தப் பகட்டுக்குக் கீழே மழையில் கெட்ட அறுவடை. 1661 இலையுதிர் காலத்தில் தானிய விலை ஏற ஆரம்பித்து, அடுத்த வருடம் வட பிரான்சிலும் லுவார் பகுதியிலும் கடும் பஞ்சமாகியது. பாரிஸுக்குக் கடல்வழியாகத் தானியம் தருவிக்க வேண்டியிருந்தது.

பலர் விட்டுவிடும் ஒரு பெயர் ஜாக்லின் பாஸ்கால். கணித மேதை பாஸ்காலின் தங்கை, போர்-ரோயால் மடத்துக் கன்னியர். ஜான்சென் என்ற இறையியலாளரின் கருத்துகளைக் கண்டித்து எல்லாத் துறவிகளும் கையெழுத்திட வேண்டும் என்று அந்த வசந்தத்தில் ராஜாவின் உத்தரவு வந்தது. மடத்தில் படித்த சிறுமிகளையும் வெளியேற்றினார்கள். பெரிய இறையியலாளர்கள், பூசி மெழுகிய ஒரு வாசகத்தோடு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்கள். ஜூன் மாதம் ஜாக்லின் எழுதிய கடிதத்தில், ஆயர்களுக்குப் பெண்களின் துணிவுதான் இருக்கிறதென்றால் பெண்களுக்கு ஆயர்களின் துணிவு வேண்டும் என்றார். கடைசியில் அவரும் கையெழுத்திட நேர்ந்தது. அக்டோபர் 4, தன் 36-ஆவது பிறந்தநாளில் இறந்தார். “நானே ஆள்வேன்” என்பது மந்திரிகளோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அந்த வருடத்தில் இல்லை.

வெளிநாட்டிலும் அதே தோரணைதான். அக்டோபர் 10-ல் லண்டனில் ஸ்வீடன் தூதரின் வருகை ஊர்வலத்தில் யார் வண்டி முன்னே போவது என்று பிரெஞ்சு, ஸ்பானியத் தூதர்களின் ஆட்கள் வெட்டிக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் முன்யோசனையாகத் தங்கள் குதிரைகளின் வார்களுக்குள் இரும்புச் சங்கிலி வைத்திருந்தார்கள், பிரெஞ்சு வண்டியின் குதிரைகளைக் கொன்று, வார்களை அறுத்துவிட்டு முன்னே போனார்கள். லண்டன் ஜனம் ஸ்பானியர்களுக்குக் கைதட்டியது. லூயி போர் என்று மிரட்ட, மாமனார் நாடு அடுத்த மார்ச்சில் லூவ்ருக்கு ஆள் அனுப்பி, இனி முன்வரிசைக்குப் போட்டி போடமாட்டோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த மாமனாருக்கு அதைவிடப் பெரிய இடி நவம்பர் 1-ல் விழுந்தது. அன்று ஃபோந்தேன்ப்ளோவில் மரியா தெரேசாவுக்கு ஆண் குழந்தை, பிரான்சுக்கு வாரிசு. அதே நாள் மாட்ரிட்டில் ஸ்பெயினின் ஒரே வாரிசு, அவளுடைய மூன்று வயதுத் தம்பி ஃபெலிப்பே ப்ரோஸ்பெரோ, இறந்தான். ஐந்து நாள் கழித்து ஸ்பெயின் ராணிக்கு இன்னொரு மகன் பிறந்தான், நோஞ்சானாக. அவன்தான் இரண்டாம் கார்லோஸ். 1700-ல் அவன் பிள்ளையில்லாமல் சாகும்போது ராஜ்யத்தை எழுதிவைத்தது, நவம்பர் 1-ல் பிறந்த அந்தப் பிரெஞ்சுக் குழந்தையின் இரண்டாவது மகனுக்கு. ஸ்பெயினில் இன்றும் அரியணையில் இருப்பது அந்தப் போர்போன் வம்சம்தான். ஃபோந்தேன்ப்ளோவில் பிறந்தவர் மட்டும் அப்பாவுக்கு முன்பே 1711-ல் அம்மை நோயில் இறந்து, கடைசிவரை இளவரசராகவே இருந்துவிட்டார்.